நாலு புகைபோக்கிக்குக் கீழே ஒரு வீடு: நார்த்போர்ட் மின் நிலைய வரி யார் தலையில்?

#1 புறநகர்ப்பயணி

எல்லாருக்கும் வணக்கம். நியூயார்க் குயின்ஸ்ல ஒன்பது வருஷம் வாடகை வீடு. பையன் அடுத்த வருஷம் மிடில் ஸ்கூல் போறான். அதனால லாங் ஐலண்ட்ல சஃபோக் கவுன்ட்டி பக்கம் வீடு பார்த்துட்டு இருக்கோம். ஈஸ்ட் நார்த்போர்ட்ல ஒரு வீடு வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ஏஜென்ட் சொன்னது: "இந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல ஒரு பெரிய மின் நிலையம் இருக்கு. அது வரி கட்டுறதால உங்க வரி கம்மி." ஓப்பன் ஹவுஸ் முடிஞ்சு வெளிய வந்தா, பக்கத்து வீட்டுக்காரர் நாயைப் பிடிச்சிக்கிட்டு நின்னார். அவர் சொன்னது: "அந்தக் காலம் போச்சு. இப்ப வருஷா வருஷம் ஏறுது."

ரெண்டு பேர்ல யாரை நம்புறது? மின் நிலையம் கட்டுற வரிக்கும் என் வீட்டு வரிக்கும் என்ன சம்பந்தம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. லிஸ்டிங்ல வருஷ வரி 13,800 டாலர்னு போட்டிருக்கு.

#2 கடலோரக்காக்கை

தம்பி, ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்ட் சொன்னது பழைய உண்மை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது புது உண்மை.

நான் இந்த ஊருக்கு 1994-ல் வந்தேன். கிராப் மெடோ கடற்கரையில் போய் நின்றால் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நாலு புகைபோக்கி தெரியும். அதுதான் நார்த்போர்ட் மின் நிலையம். 1967-லிருந்து 1977-க்குள் ஒவ்வொன்றாக நாலு அலகு கட்டினார்கள். மொத்தம் 1,500 மெகாவாட் சொச்சம். எண்ணெயிலும் ஓடும், எரிவாயுவிலும் ஓடும். லாங் ஐலண்டிலேயே பெரிய மின் நிலையம் இதுதான்.

நாங்கள் வந்த காலத்தில் பள்ளி பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அந்த நிலையத்தின் வரியே தாங்கியது. அக்கம்பக்க டிஸ்ட்ரிக்டில் இருந்தவர்கள் பொறாமைப்படுவார்கள். 2010-ல் லைபா (லாங் ஐலண்ட் மின் ஆணையம், இங்கே கரண்ட் கொடுக்கும் அரசு அமைப்பு) வழக்குப் போட்டது, அதிக மதிப்பீடு போட்டு எங்களிடம் வசூலிக்கிறீர்கள் என்று. பத்து வருஷம் இழுத்து 2020 செப்டம்பரில், எங்கள் ஊர் அடங்கிய ஹன்டிங்டன் டவுனின் நிர்வாகக் குழு சமரசத்துக்கு ஓட்டுப் போட்டது. 2020-ல் 86 மில்லியன் டாலராக இருந்த வரி படிப்படியாக இறங்கி 2027-ல் 46 மில்லியனாக நிற்கும். அந்தப் படியில்தான் நாங்கள் எல்லாரும் இறங்கிக்கொண்டிருக்கிறோம். அதாவது எங்கள் வரி ஏறிக்கொண்டிருக்கிறது.

#3 புறநகர்ப்பயணி

நன்றி சார். ஆனா ஒண்ணு புரியலை. மின் நிலையம் கம்மியா கட்டினா ஸ்கூலுக்குப் பணம் குறையணும். என் வரி ஏன் ஏறணும்? நான் கட்டுறது என் வீட்டு மதிப்புக்குத்தானே?

#4 கணக்குப்புலி

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுவார்கள். நம்ம ஊரில் வருமான வரி மாதிரி "இத்தனை சதவீதம்" என்று முதலில் முடிவு பண்ணிவிட்டு வருவதை வாங்கிக்கொள்வது இல்லை. இங்கே தலைகீழ். முதலில் பள்ளி எவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்கிறது. மாநில உதவியைக் கழித்து மிச்சத்தை ஊரிலுள்ள சொத்துகள் மேல் பங்கு போடுகிறார்கள். உங்கள் வீட்டு மதிப்பு உங்கள் பங்கு எவ்வளவு என்பதை மட்டும்தான் சொல்லும்.

கல்யாண வீட்டுச் செலவை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்வது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். துபாயில் இருக்கும் மூத்தவர் 35 ரூபாய் போடுகிறார், மீதிப் பேர் சேர்ந்து 65. திடீரென்று மூத்தவர் "என்னால் 18-தான் முடியும்" என்கிறார். சாப்பாட்டைக் குறைக்க யாருக்கும் மனசில்லை. அப்போது மீதிப் பேர் 82 போட வேண்டும். 65-லிருந்து 82 என்றால் 26 சதவீத ஏற்றம். மூத்தவர் குறைத்தது 17 ரூபாய்தான், ஆனால் சின்னவர்களுக்கு அது கால் பங்குக்கு மேல்.

இது நானாகப் போட்ட உதாரணக் கணக்கு, நார்த்போர்ட்டின் நிஜக் கணக்கு அல்ல. நிஜத்தில் அடி ஏழு வருஷத்தில் பரவியிருக்கிறது.

லாங் ஐலண்டில் சொத்து வரியில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் பள்ளிக்கே போகிறது. ஆகவே மின் நிலையம் எந்தப் பள்ளி எல்லைக்குள் நிற்கிறது என்பதுதான் எல்லாமும். அரை மைல் தள்ளி இருந்தாலும் எல்லைக்கு அந்தப்பக்கம் என்றால் புகைபோக்கியைப் பார்க்கலாம், பணம் வராது.

#5 மெட்ஃபோர்ட்_மாறன்

கடலோரக்காக்கை சார் மன்னிக்கணும். மூணுல ஒரு பங்கை மின் நிலையம் தாங்குச்சுன்னு சொல்றீங்களே, அந்தப் பணத்தை நிலையம் எங்கேருந்து கொண்டுவந்துச்சு? என் பாக்கெட்லேருந்து!

நிலையத்தோட சொந்தக்காரன் நேஷனல் கிரிட். அவங்க கட்டுற வரியை ஒப்பந்தப்படி லைபா கொடுக்குது. லைபாவுக்கு நாம கரண்ட் பில்லுல கொடுக்கறோம். நாசோ, சஃபோக், ராக்கவேன்னு ஏறத்தாழ 11 லட்சம் இணைப்பு. மெட்ஃபோர்ட்ல இருக்கிற நானும், ஹெம்ஸ்டெட்ல ரெண்டு வேலை பார்க்கிற வாடகைக்காரரும் சேர்ந்து நார்த்போர்ட் பசங்களுக்கு நீச்சல் குளம், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் கொடுத்தோம். அதுக்கு ஒரு நன்றி வந்துச்சா?

#6 கடலோரக்காக்கை

மாறன், நன்றி சொல்லச் சொன்னால் சொல்கிறேன். ஆனால் அறுபது வருஷமாகப் புகையை யார் வாங்கினார்கள்? எண்ணெய்க் கப்பல் யார் கடற்கரைக்கு வந்தது? மெட்ஃபோர்ட்டில் ஏசி ஓட எங்கள் ஊர் விரிகுடா சூடானது. அதற்கு விலை வேண்டாமா?

#7 மெட்ஃபோர்ட்_மாறன்

விலை வேணும். எவ்வளவு விலைங்கறதுதான் கேள்வி. நிலையம் முன்னே மாதிரி ஓடறதும் இல்லை. வருஷத்துல பெரும்பாலான நேரம் சும்மாத்தான் நிக்குது. ஓடாத வண்டிக்கு ஓடற வண்டியோட இன்சூரன்ஸா?

#8 டர்பைன்தாசன்

சண்டையில் குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். நாற்பது வருஷம் அனல் மின் நிலையங்களில் வேலை பார்த்தவன். முதல் ஆறு வருஷம் நெய்வேலி. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டவுன்ஷிப்பில் சாலை, தண்ணீர், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். "மின் நிலையம் ஊருக்கு என்ன கட்டுகிறது" என்று கேட்டால் சிரிப்பார்கள், மின் நிலையம்தான் ஊர். (டவுன்ஷிப்புக்கு வெளியே நிலம் கொடுத்த கிராமத்துக்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அது இன்னொரு இழைக்கு.)

இங்கே வழக்கின் மையம் ஒரே கேள்விதான்: ஐம்பது வயதான கொதிகலன் நிலையத்தின் மதிப்பு என்ன?

வீட்டுக்கு மதிப்புப் போடுவது சுலபம். அதே தெருவில் போன மாதம் விற்ற வீட்டைப் பார்க்கலாம். 1,500 மெகாவாட் நிலையம் போன மாதம் அந்தத் தெருவில் விற்றிருக்காது. அதனால் ரெண்டு வழி. ஒன்று, இன்றைக்கு இதைக் கட்டினால் என்ன செலவு என்று பார்த்து, தேய்மானத்தையும் காலாவதியானதையும் கழிப்பது. இன்னொன்று, இது சம்பாதிக்கக்கூடிய வருமானத்தை வைத்து மதிப்பிடுவது. முதல் வழியில் தேய்மானத்தை எவ்வளவு கழிப்பது என்பதில் ஒரு நிபுணருக்கும் இன்னொருவருக்கும் பத்து மடங்கு வித்தியாசம் வரலாம். ரெண்டு பேரும் சத்தியம் பண்ணித்தான் சாட்சி சொல்வார்கள்.

இன்னொரு விஷயம். பல மாநிலங்களில் இயந்திரத்துக்குச் சொத்து வரியில் வேறு கணக்கு. நியூயார்க்கில் மின் உற்பத்தி எந்திரமும் சட்டப்படி நிலத்தோடு சேர்ந்த சொத்து. கொதிகலன், டர்பைன் எல்லாம் உள்ளே. அதனால்தான் தொகை இவ்வளவு பெரிசு. காலி நிலத்துக்கும் கட்டிடத்துக்கும் மட்டும் வரி என்றால் 86 மில்லியன் பேச்சே வந்திருக்காது.

லைபா சொன்னது: நிலையம் பழசு, ஓடுவது குறைவு, மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறாது. டவுன் சொன்னது: அந்த இடத்தில் கடல் இருக்கிறது, உயர் அழுத்தக் கம்பி இருக்கிறது, அனுமதி இருக்கிறது. புதிதாக இப்படி ஒரு இடம் லாங் ஐலண்டில் கிடைக்குமா? ரெண்டிலும் நியாயம் இருக்கிறது. கேட்ட அளவுக்கு ரெண்டு பக்கத்திலும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

#9 புறநகர்ப்பயணி

டர்பைன் சார், அருமை. அப்ப டவுன் ஏன் வழக்கை நடத்தி ஜெயிக்கப் பார்க்காம சமரசத்துக்குப் போச்சு?

#10 கணக்குப்புலி

பயம். வேறென்ன?

தோற்றால் இனிமேல் வரும் வரி மட்டும் குறையாது. வழக்குப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதிகமாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். பத்து வருஷத்துக்கு அந்தத் தொகை 800 மில்லியன் டாலரைத் தாண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஹன்டிங்டன் மாதிரி ஒரு டவுனுக்கு அது பல வருஷ பட்ஜெட். சமரசத்தில் லைபா பழைய பாக்கியை விட்டுக்கொடுத்தது. அதுதான் டவுனுக்குக் கிடைத்த பெரிய லாபம்.

இதில் ஒரு பழைய மனக்கசப்பும் உண்டு. 1998-ல் லில்கோ என்ற பழைய மின் நிறுவனத்திடமிருந்து லைபா மின் கம்பிகளை எடுத்துக்கொண்டது. மின் நிலையங்கள் கீஸ்பான் நிறுவனத்துக்குப் போய், பிறகு 2007-ல் நேஷனல் கிரிட்டிடம் வந்தன. அந்த மாற்றத்துக்கு முந்தைய வருஷம் அப்போதைய லைபா தலைவர் ரிச்சர்ட் கெஸல் "மதிப்பீட்டை அநியாயமாக ஏற்றாதவரை வழக்குப் போட மாட்டோம்" என்கிற மாதிரி உறுதி கொடுத்தார் என்பது ஊர்க்காரர்களின் வாதம். 2018-ல் நீதிமன்றம் அது லைபாவைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. அன்றைக்கே பாதி முடிந்துபோச்சு. அதே வருஷக் கடைசியில் ப்ரூக்ஹேவன் டவுன், தன் எல்லைக்குள் இருக்கும் 'போர்ட் ஜெஃபர்சன்' மின் நிலையத்தின் வரிக்குச் சமரசம் செய்துகொண்டது, ஏறக்குறைய 33 மில்லியனிலிருந்து 17 மில்லியனுக்குப் படிப்படியாக. இன்னொரு டவுன் கையெழுத்துப் போட்ட பிறகு தனியாக நின்று சண்டை போடுவது கஷ்டம்.

#11 மெட்ஃபோர்ட்_மாறன்

ப்ரூக்ஹேவன்காரங்க சீக்கிரம் கையெழுத்துப் போட்டதுக்குக் காரணம் இருக்கு. மெட்ஃபோர்ட், ஷோரம் எல்லாம் ப்ரூக்ஹேவன்தான், நாங்க ஏற்கெனவே சூடு கண்டவங்க. ஷோரம் கதை தெரியுமா புறநகர்ப்பயணி?

#12 புறநகர்ப்பயணி

அணு உலைன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஓடவே இல்லைன்னு சொல்வாங்க.

#13 மெட்ஃபோர்ட்_மாறன்

சோதனைக்குக் கொஞ்சம் ஓட்டினதோட சரி. ஆனா வரி கட்டுச்சு! அதான் வேடிக்கை.

ஷோரம்ல லில்கோ அணு மின் நிலையம் கட்ட ஆரம்பிச்சப்ப போட்ட மதிப்பீடு 10 கோடி டாலர்கூட இல்லை. முடிஞ்சப்ப ஏறக்குறைய 600 கோடி. 1979-ல பென்சில்வேனியாவுல த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. லாங் ஐலண்ட் ஒரு தீவு, ஆபத்து வந்தா எந்த ரோட்டுல ஓடறது? 1983-ல சஃபோக் கவுன்ட்டி "மக்களைப் பத்திரமா வெளியேத்த முடியாது, அந்தத் திட்டத்துல நாங்க சேர மாட்டோம்"னு சொல்லிடுச்சு. 1989-ல மாரியோ குவோமோ கவர்னரா இருந்தப்ப ஒப்பந்தம் போட்டு, மாநிலம் ஒரு டாலருக்கு எடுத்துக்கிச்சு. வணிக ரீதியா ஒரு நாள்கூட ஓடாம பிரிச்சுப் போட்டாங்க.

ஆனா கட்டிக்கிட்டு இருந்த காலம் முழுக்க ஷோரம்–வேடிங் ரிவர் பள்ளிக்கு வரி கொட்டுச்சு. ஊர் சின்னது, ஸ்கூல் ராஜபோகம். லில்கோ கோர்ட்டுக்குப் போச்சு: "ஓடாத உலைக்கு இவ்வளவு மதிப்பீடா?" ஜெயிச்சுட்டாங்க. வட்டியோட சேர்த்து 100 கோடி டாலருக்கு மேல திருப்பித் தரணும்னு ஆச்சு. அதுக்குள்ள லில்கோ போய் லைபா வந்துடுச்சு. 2000-ல 62 கோடிக்குச் சமரசம். அதை யார் கொடுத்தது தெரியுமா? சஃபோக் மின் வாடிக்கையாளர் எல்லாரும் கரண்ட் பில்லுல ஒரு தனி வரியா. நீங்க சஃபோக்ல வீடு வாங்கினா பழைய பில் ஒண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்க, "சஃபோக் சொத்து வரி செட்டில்மென்ட்"னு ஒரு வரி இருக்கும். அதுதான் ஷோரமோட ஆவி.

ஷோரம் ஸ்கூல்ல என் பசங்க படிக்கலை. உலை வணிக ரீதியா ஓடவும் இல்லை. இருந்தும் நான் கட்டினேன். அதனாலதான் "மின் நிலையம் கட்டுது"ன்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

#14 கடலோரக்காக்கை

மாறன், ஷோரம் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அதுவே எங்கள் பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது. மதிப்பீடு தப்பு என்றால் பத்து வருஷம் கழித்துத் தீர்ப்பு வருவதைவிட, முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம். பள்ளிக்கூடம் வாங்கின பணத்தைச் செலவு பண்ணிவிட்டது. வாத்தியார் சம்பளத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

#15 ஹட்சன்கரையோரம்

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கதை கேட்டுப் பெருமூச்சு வந்தது. உங்களுக்கு ஏழு வருஷப் படி. எங்களுக்கு மொட்டை மாடியிலிருந்து குதி.

நாங்கள் இருப்பது ஹென்ட்ரிக் ஹட்சன் பள்ளி எல்லை. இந்தியன் பாயின்ட் அணு மின் நிலையம் ப்யூகானன் கிராமத்தில். 2017 ஜனவரியில் மூடப்போவதாக அறிவிப்பு. இரண்டாவது உலை 2020 ஏப்ரல் 30, மூன்றாவது உலை 2021 ஏப்ரல் 30. பள்ளி, கிராமம், டவுன், கவுன்ட்டி எல்லாம் சேர்ந்து வருஷம் 30 மில்லியன் டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்தது. பள்ளி பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அது. ப்யூகானன் கிராமத்துக்கு இன்னும் மோசம், கிட்டத்தட்டப் பாதி.

எங்களிடம் இருந்தது நேரடி வரி அல்ல, பைலட். (விமான பைலட் இல்லை, அப்படித்தான் நான் முதலில் நினைத்தேன், கூட்டத்தில் கேட்டு மானம் போனது.) வரிக்குப் பதிலாக இத்தனை வருஷத்துக்கு இவ்வளவு தருகிறேன் என்ற ஒப்பந்தம். நிலையத்துக்கு மதிப்பீட்டு ஏற்ற இறக்கம் இல்லை, ஊருக்கு வழக்குப் பயம் இல்லை. ரெண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம், ஒப்பந்தம் முடிகிற நாள் வரை.

#16 கணக்குப்புலி

ஹட்சன்கரையோரம் சொன்ன பைலட் பற்றி ஒரு குறிப்பு. புறநகர்ப்பயணிக்கும் உதவும்.

மாநிலத்தில் பள்ளி வரி ஏற்றத்துக்கு 2011-லிருந்து உச்சவரம்பு இருக்கிறது: 2 சதவீதம் அல்லது பணவீக்கம், எது குறைவோ அது. தாண்ட வேண்டுமென்றால் 60 சதவீத ஓட்டு வேண்டும். ஆனால் அந்தச் சூத்திரத்தில் பைலட் தொகையையும் சேர்த்துக் கழிக்கிறார்கள். போன வருஷ பைலட்டைக் கூட்டி, வரும் வருஷ பைலட்டைக் கழிப்பார்கள். அதனால் பைலட் குறைந்தால் அந்த ஓட்டையை வீட்டு வரியில் அடைக்கச் சூத்திரமே இடம் கொடுக்கிறது. "2 சதவீதத்துக்கு மேல் ஏறாது" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த 2 சதவீதம் ஊர் மொத்தத்துக்கு, உங்கள் வீட்டுக்கு அல்ல. நேரடி வரி என்றாலும் அப்படித்தான். நார்த்போர்ட்டில் மொத்தம் 2 சதவீதம் ஏறும்போதும் மின் நிலையத்தின் பங்கு இறங்கினால் வீடுகளின் பங்கு அதைவிடக் கூடும். கல்யாணக் கணக்கை மறுபடி பாருங்கள்.

#17 ஹட்சன்கரையோரம்

ஆமாம் அக்கா, அதை அனுபவித்தே தெரிந்துகொண்டோம்.

மாநிலம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மின் நிலையம் மூடினால் ஊருக்கு ஏற்படும் இழப்பில் ஒரு பகுதியைத் தர ஒரு நிதி இருக்கிறது. முதல் வருஷம் 80 சதவீதம் வரை, பிறகு வருஷா வருஷம் குறையும். பஃபலோ பக்கத்தில் டோனவாண்டாவில் ஹன்ட்லி நிலக்கரி நிலையம் 2016-ல் மூடியபோது ஊர்க்காரர்களும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து குரல் கொடுத்துக் கிடைத்தது அது. நிலையம் மூடுவதற்கு முன்பே அங்கே பள்ளிகளை மூடும் பேச்சு வந்துவிட்டது. அவர்கள் போட்ட பாதையில்தான் நாங்கள் போனோம்.

#18 வழிப்போக்கன்_2

இதெல்லாம் எதுக்கு? சோலார் போடுங்க, மின் நிலையமே வேண்டாம், வரிப் பிரச்சினையும் தீர்ந்தது. 🙂

#19 டர்பைன்தாசன்

தம்பி, சோலார் வந்தால் வரிப் பிரச்சினை தீராது, வேறு உடை போட்டுக்கொண்டு வரும்.

நியூயார்க் சட்டத்தில் சோலார், காற்றாலை, மின்கலச் சேமிப்பு ஆகியவற்றுக்குப் பதினைந்து வருஷ வரி விலக்கு உண்டு. ஊர் வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம், அல்லது பைலட் கேட்கலாம். ஆகவே ஒவ்வொரு டவுனிலும் "எவ்வளவு கேட்பது" என்று பேரம். 2021-ல் மாநிலம் சோலாருக்கும் காற்றாலைக்கும் எல்லா ஊருக்கும் ஒரே மதிப்பீட்டு முறை என்று கொண்டுவந்தது. வருமானத்தை அடிப்படையாக வைத்த முறை. சில டவுன்கள் "எங்கள் கையைக் கட்டுகிறார்கள்" என்று கோர்ட்டுக்குப் போயின.

யாப்ஹேங்க்கில் 2009-ல் வந்த கெய்த்னஸ் எரிவாயு நிலையத்தைப் பாருங்கள். 350 மெகாவாட், நார்த்போர்ட்டில் ஒரு அலகு அளவுதான். முதலிலிருந்தே டவுனின் தொழில் வளர்ச்சி முகமை வழியாகப் பைலட். சட்டப்படி சொத்து முகமையின் கைக்குப் போகும், வரி விலக்குக் கிடைக்கும், நிலையம் ஒப்பந்தத் தொகையைக் கட்டும். வழக்கு இல்லை, பத்து வருஷப் பயம் இல்லை. ஆனால் பேரம் பேசும் மேஜையில் ஊர் தூங்கினால் இருபது வருஷம் அழ வேண்டும். அந்த மேஜையில் பள்ளிக்கு நாற்காலி இருப்பதும் இல்லை. அதிகம் வாங்கப்போவது பள்ளி, பேசுவது வேறொருவர். இதை யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

#20 மெட்ஃபோர்ட்_மாறன்

டர்பைன் சார், அந்த மேஜைக்கு எங்களையும் கூப்பிடணும். பில் கட்டறவனுக்கு நாற்காலி எங்கே? மாநிலம் முழுக்க மின் நிலைய வரியை ஒரு பொதுப் பானையில போட்டுப் பிரிச்சுக் கொடுத்தா என்ன? கலிஃபோர்னியாவுல 50 மெகாவாட்டுக்கு மேல போனா மதிப்பீடே மாநிலம்தான் போடுது. இங்க மட்டும் டவுன் மதிப்பீட்டாளர் ஒருத்தர் கையில 1,500 மெகாவாட்!

#21 கடலோரக்காக்கை

பொதுப் பானை நல்ல பேச்சுதான். புகைபோக்கியையும் பொதுவில் வைக்கலாமா? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாதம்?

#22 மெட்ஃபோர்ட்_மாறன்

சார், குப்பையை எரிச்ச சாம்பல் எங்க ஊருக்குத்தான் வருது. ப்ரூக்ஹேவன் குப்பை மேட்டை வந்து பாருங்க. சாம்பல் கணக்கு பேசுவோமா?

#23 நெறியாளர்

இரண்டு பெரியவர்களும் நிதானம். இழையின் கேள்வி புறநகர்ப்பயணியின் வீடு. குப்பை மேடுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அங்கே அடித்துக்கொள்ளலாம்.

#24 கடலோரக்காக்கை

சரி சரி. மாறன் நல்லவர், போன பொங்கல் விழாவில் எனக்கு இரண்டாவது தடவை சர்க்கரைப் பொங்கல் வைத்தவர்.

தம்பிக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். சமரசம் வந்த சமயத்தில் எங்கள் டிஸ்ட்ரிக்டில் இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது முக்கியக் காரணம், வரி பயமும் பின்னால் நின்றது. என் மகள் படித்த பள்ளி அதில் ஒன்று. அன்றைக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பாடம், இசை, விளையாட்டு எல்லாம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. பயந்து ஓட வேண்டிய ஊர் இல்லை. கம்மி வரி ஊர் என்று நினைத்து வாங்க வேண்டிய ஊரும் இல்லை. பக்கத்து கமாக், எல்வுட் டிஸ்ட்ரிக்டுகளில் அதே மாதிரி வீட்டுக்கு என்ன வரி என்று பாருங்கள். முன்பு இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டு வருகிறது. சமரசம் 2027-க்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்டால், அந்த நிலையம் எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பொறுத்தது. என் ஆயுசும் அதன் ஆயுசும் போட்டி.

#25 புறநகர்ப்பயணி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து வீட்டம்மாவோட உக்காந்து இழை முழுக்கப் படிச்சேன். கல்யாணக் கணக்கு அவங்களுக்கு உடனே புரிஞ்சிடுச்சு, என் அண்ணனைப் பத்தி ரெண்டு வார்த்தை வேற கிடைச்சுது.

கடைசியா ஒரு சந்தேகம். டவுன் பதிவுல அந்த வீட்டோட மதிப்பீடு வெறும் 3,600ன்னு காட்டுது. ஏழு லட்சம் கேக்கிறாங்க. இது தப்பா, இல்ல ஏதாவது ஏமாத்து வேலையா?

#26 கணக்குப்புலி

தப்பில்லை, ஏமாற்றும் இல்லை. ஹன்டிங்டன் பல பத்தாண்டுகளாக மொத்த மறுமதிப்பீடு செய்யவில்லை. சந்தை விலையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான எண்ணைத்தான் மதிப்பீடாக வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அதே விகிதம் என்றால் பங்கு மாறாது. உங்கள் பங்கு அதிகம் என்று தோன்றினால் மே மாதம் மூன்றாவது செவ்வாய் வரை முறையிடலாம். நிலையம் போட்ட வழக்கும் அதே வாசலில் தொடங்கியதுதான்.

அதைவிட முக்கியமான கேள்வி: அந்த 13,800 டாலர், சலுகை கழித்ததா, கழிக்காததா? விற்பவர் வயதென்ன? 65 தாண்டியவர் என்றால் கூடுதல் ஸ்டார் (மாநிலத்தின் பள்ளி வரிச் சலுகை), மூத்தோர் விலக்கு எல்லாம் அதில் கழிந்திருக்கலாம். அது அவரோடு போய்விடும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஸ்டார் பில்லில் கழியாது, மாநிலத்தில் பதிவு செய்தால் தனியாகப் பணமாக வரும். டவுன் வரி வசூல் அலுவலகத்தில் விலக்கு ஏதும் இல்லாத முழுத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணின் மேல்தான் மின் நிலையப் படியைக் கணக்குப் போட வேண்டும். ஜனவரி 10, மே 31 என்று இரண்டு தவணை, அதையும் மாதச் செலவில் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

#27 புறநகர்ப்பயணி

விக்கிறவங்க 78 வயசுப் பாட்டி அக்கா. திங்கட்கிழமை காலையில முதல் வேலையா டவுனுக்கு போன் பண்றேன்.